மூன்றாவது ரின்

பெண்கள் விடுதி,
பேராதனை.
14.01.1973

இல்லை நானா, நுளம்பு பழகவில்லை. எந்த நுளம்பும் எதற்கும் பழகுவதில்லை. பழகுவதற்கு அதற்கு அவ்வளவு ஆயுசு கிடையாது.

ஸலாம் முதலில் வந்திருக்க வேண்டும். அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கேள்வியைக் கிண்ணியாத் துறையிலிருந்து கண்டி வரைக்கும் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதனால் பேனை அதிலேயே தொடங்கிவிட்டது. நான் சுகம். இங்கே குளிர். பாண் வாங்கக் கடையில் வரிசை. உம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது? மச்சியும் மகள் நிஸாவும் சுகமா?

துறையில் படகுக்கு நின்றபோது நீங்கள் கேட்டது இதுதான்: "ஏன் புள்ள, அஞ்சு வருஷமா மலேரியாவுக்கு வீடு வீடா டி.டி.ரி. அடிக்கிறம். முந்திச் சுவரில குந்தினா பொத்துப்பொத்தெண்டு விழும். இப்ப பவுடருக்கு மேல நிண்டு காலைத் தடவுது. பழகிட்டுதோ?" அதற்குள் படகு வந்துவிட்டது.

பழகிவிட்டது என்பது மரியாதைக்குரிய ஒரு பழைய எண்ணம். நூற்றறுபது வருடத்துக்கு முன் பிரான்சில் பெரிய விலங்கியலாளர் ஒருவரும் ஏறக்குறைய அப்படித்தான் நினைத்தார். விலங்குக்குத் தேவை வரும். தேவை வந்தால் முயலும். முயன்றால் உறுப்பு மாறும். மாறியது பிள்ளைக்குப் போகும். இன்று வகுப்பில் அவருடைய பெயரைச் சொன்னாலே பின்வரிசை வாங்கிலில் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. உயிர்கள் மாறுகின்றன என்று துணிந்து சொன்ன முதல் ஆட்களில் அவர் ஒருவர். கடைசிக் காலத்தில் கண் தெரியாமல், கையில் ஒன்றுமில்லாமல் செத்தாராம்.

ஐம்பது வருடம் கழித்து ஆங்கிலேயர் இருவர் தனித்தனியாக அதைத் தலைகீழாக்கினார்கள். விலங்கு முயலவில்லை என்றார்கள். பிறக்கும்போதே ஒன்றைப்போல் மற்றது இல்லை. அவ்வளவுதான். உங்கள் சுவரில் ஆயிரம் நுளம்பு இருந்தால் அதில் ஒன்றோ இரண்டோ பிறப்பிலேயே அந்த மருந்தைத் தாங்கும். மருந்து வருவதற்கு முன்னும் அப்படித்தான் இருந்தன. அப்போது அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. பிறகு நீங்கள் வருகிறீர்கள். அடிக்கிறீர்கள். மற்றவை சாகின்றன. மிஞ்சிய ஒன்றிரண்டு முட்டையிடுகின்றன. அடுத்த சுற்றில் சுவரில் குந்துவது அவற்றின் பிள்ளைகள்.

நீங்கள் நுளம்பைப் பழக்கவில்லை நானா. தெரிந்தெடுக்கிறீர்கள். எங்கே கூட அடிக்கிறீர்களோ அங்கே இது விரைவாக நடக்கும்.

பாடத்தில் இதற்குக் கூர்ப்பு என்று பெயர்.

நிஸாவுக்கு ஒரு முத்தம். உங்கள் துஆவை எதிர்பார்க்கும்,
ஸுல்பிகா

•

கிண்ணியா.
02.02.1973

அன்புத் தங்கச்சி ஸுல்பிகாவுக்கு நானா முனாப் எழுதுவது. வஅலைக்குமுஸ்ஸலாம். இங்கே எல்லோரும் சுகம். உம்மாவின் முழங்கால் மழைக்கு முன்னே வானிலை அறிக்கை வாசிக்கிறது. நீ குளிருக்குள் தலைமுழுகிவிட்டுத் திரியாதே.

உன் கடிதத்தை உன் மச்சி றஹ்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். றஹ்மா கேட்கிறாள்: "கம்பஸில குரங்குக் கதையும் படிப்பிக்கிறாங்களாமே. உங்கட குடும்பத்தில ஆரைப் பாத்து எழுதினதாம்?" நான் வெளியே எட்டிப் பார்த்தேன். அவளுடைய தம்பிமார் மூன்று பேரும் அப்போது முற்றத்தில் நின்றார்கள்.

இனிச் சிரிப்பில்லாத விசயம். போன கிழமை ஞானசேகரம் ஐயா, எங்கள் பகுதிப் பரிசோதகர், கந்தோருக்குக் கூப்பிட்டார். ஆனந்தராசாவும் என்னோடு வந்தான். தெரியும்தானே, என் குழுவில் மருந்தடிக்கிற பம்பி தூக்குகிறவன்.

"முனாப், நுளம்பு சாகேல்ல. பவுடர் எங்க?"

"சுவரில ஐயா."

"சுவரில இருந்தா ஏன் சாகேல்ல? இலங்கைத்துறையில கருவாட்டுப் பந்தலில ஈ மொய்க்கேல்லையாம். அது ஏன் எண்டு சொல்லும் பாப்பம்."

ஆனந்தராசா பின்னால் நின்று சிரித்துவிட்டான். நான் சிரிக்கவில்லை. பவுடரைக் கருவாட்டுக்காரருக்கு விற்றுவிட்டுச் சுவருக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் அடிக்கிறோம் என்று யாரோ பெயரில்லாக் கடிதம் போட்டிருக்கிறார்கள். என்னிடம் எழுத்தில் விளக்கம் கேட்டார்கள். கப்பல்துறையிலிருந்து வெருகல் ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் பத்துச் சுற்றும் அடித்தோம், ஒரு வீடும் விடவில்லை என்று எழுதி ஒப்பம் வைத்துக் கொடுத்தேன்.

நீ எழுதியதையும் ஐயாவுக்குச் சொன்னேன். "தங்கச்சி கம்பஸோ? அப்ப காயிதத்தில எழுதித் தரச் சொல்லும், சீலோட" என்றார்.

வேலை போனால் போகட்டும் என்று ஒரு நேரம் நினைக்கிறேன். வள்ளம் இருக்கிறது. ஆனால் கள்ளன் என்று நிறுத்தினால், நான் இதுவரைக்கும் ஏறி இறங்கிய வீடு எல்லாம் அதை நம்பும். ஒவ்வொரு வீட்டின் படுக்கையறை மட்டும் போனவன் நான்.

நிஸாவுக்கு இரண்டு நாள் லேசான சூடு. இப்போது சுகம். ஒன்றும் யோசிக்காதே.
முனாப்

•

பேராதனை.
11.02.1973

நானா, அஸ்ஸலாமு அலைக்கும். கடிதம் கிடைத்த அன்றே எங்கள் விரிவுரையாளர் சோமசேகரம் சேரிடம் போனேன். "சீலோட" என்ற சொல்லைக் கேட்டு அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நுளம்பு கொண்டுவர ஏலுமா என்று கேட்டார். டி.டி.ரி. தோய்த்த காகிதங்கள் அவரிடம் இருக்கின்றன. காகிதம் வைத்த குழாயில் நுளம்பை ஒரு மணித்தியாலம் விடுவது. எடுத்துவிட்டு அடுத்த நாள் எண்ணுவது. அதே நேரம் வெறுங்காகிதத்திலும் சிலவற்றை விட்டுப் பார்ப்பது. அவ்வளவுதான். நுளம்பு பிழையா, பவுடர் பிழையா என்பது தெரிந்துவிடும்.

மூன்று இடத்திலிருந்து வேண்டும். ஓர் இடத்தை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது. கப்பல்துறை. எங்கள் வீட்டு மாட்டுக்கொட்டில். வெருகல் அக்கரை. விடியக் கொட்டிலுக்குள் போய் உறிஞ்சுகுழாயால் பிடியுங்கள். உடம்பைச் சரித்துப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு குந்துகிறதை மட்டும். இடத்துக்கு ஒரு பால்மாத் தகர ரின். வாயில் வலைத்துணி. சுற்றி ஈரத் துவாய். வெயில் படக் கூடாது.

நீங்கள் அனுப்புகிற நுளம்பைப் பற்றி இன்னொன்று. அந்த ஆங்கிலேயர்களின் எண்ணத்தில் ஓர் ஓட்டை இருந்தது. தாங்குகிற நுளம்பும் தாங்காத நுளம்பும் சேர்ந்தால் பிள்ளை பாதி தாங்கும், பேரப்பிள்ளை காற்பங்கு, இப்படியே பாலில் ஊற்றிய தண்ணீர் போல அந்தக் குணம் கரைந்து போகாதா? அவர்களிடம் இதற்குப் பதில் இருக்கவில்லை. பதில் அப்போதே ஒரு பாதிரியாரின் தோட்டத்தில், பட்டாணிச் செடியில், இருந்தது. குணம் கரைவதில்லை. மணி மணியாகக் கைமாறுகிறது. மறையும், பிறகு முழுசாக வெளியே வரும். அவர் எழுதியதை முப்பத்தைந்து வருடம் யாரும் கவனிக்கவில்லை. கவனித்த பிறகும், இரண்டையும் ஒன்றாகப் பொருத்த இன்னும் முப்பது வருடம் பிடித்தது. அதைக் கணக்கில் செய்து காட்டினார்கள். சுவரில் செய்து காட்டியது நீங்கள்.

ஆங்கிலேயரில் ஒருவருக்கு இந்த எண்ணம் வந்தபோது அவர் கிழக்கே ஒரு தீவில் குளிர்காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு படுத்திருந்தாராம். ஏன் சிலர் சாகிறார்கள், ஏன் சிலர் மிஞ்சுகிறார்கள் என்று யோசித்தாராம். உம்மாவுக்குச் சொல்லுங்கள். காய்ச்சலால் நடந்த ஒரேயொரு நல்ல காரியம்.

நிஸாவின் சூடு திரும்ப வந்ததா? உண்மையை எழுதுங்கள்.
ஸுல்பிகா

•

கிண்ணியா.
03.03.1973

தங்கச்சிக்கு ஸலாம். இங்கே சுகம்.

மூன்று ரின்னும் கண்டி பஸ் சாரதி கையில் வருகிறது. ரின்னுக்குள் என்ன என்று கேட்டார். நுளம்பு என்றேன். "கண்டியில இல்லையெண்டோ கொண்டுபோறீங்க?" என்றார். தன் ஆசனத்துக்குக் கீழே, என்ஜின் சூடு படாத பக்கத்தில் வைத்திருக்கிறார்.

முதலாவது கப்பல்துறை. இரண்டாவது எங்கள் கொட்டில். மூன்றாவதை நான் அனுப்ப நினைக்கவில்லை. ஆறு பெருகிக் கிடந்தது. எனக்குச் சொல்லாமல் ஆனந்தராசா தோணி பிடித்துப் போய்ப் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான். உனக்கு உதவி செய்கிறானாம்.

இரண்டு போதுமென்றால் மூன்றாவதைச் சோதிக்காமல் விடு.
முனாப்

•

பேராதனை.
12.03.1973

நானா, அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா, மச்சி, நிஸா எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

கப்பல்துறை ரின்னில் நாற்பது எடுத்தோம். செத்தது பத்தொன்பது. எங்கள் கொட்டில் ரின்னிலும் நாற்பது. செத்தது ஆறு. வெறுங்காகிதத்தில் ஒன்றும் சாகவில்லை.

ஆறு, நானா. மற்ற முப்பத்து நான்கும் அடுத்த நாள் விடியக் குழாய்க்குள் பறந்துகொண்டு நின்றன. இங்கே செய்த காகிதம். ஒருவரும் களவெடுக்காத மருந்து. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இரண்டாம் தரம் எண்ணினார். "உங்கட அண்ணர் சொன்னது சரி" என்றார். அட்டவணையை நான் எழுத வேண்டும். அவர் மேலொப்பம் வைத்துத் திணைக்களத்தின் முத்திரை போட்டுத் தருவார்.

மூன்றாவது ரின்னைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.
ஸுல்பிகா

•

கிண்ணியா.
20.03.1973

தங்கச்சி, வஅலைக்குமுஸ்ஸலாம். உன் கடிதம் வந்த அன்று உம்மா பக்கத்து வீடுகளுக்குச் சோறு கொடுத்தா. இந்த அரிசித் தட்டுப்பாட்டில். என்னத்துக்கு என்று கேட்டவர்களுக்கு "எங்கட கொட்டிலில நுளம்பு சாகேல்ல" என்று சொல்லியிருக்கிறா. எல்லோரும் என்னைப் பார்த்த பார்வையை நீ காணவில்லை.

விசாரணை ஆனி மாதம் பதினெட்டாம் தேதி, 18.06 திங்கட்கிழமை. அரசாங்கக் கச்சேரிக் கந்தோருக்குப் பக்கத்துக் கட்டடத்தில். அதற்கு முன் உன் தாள் ஞானசேகரம் ஐயா கையில் இருக்க வேண்டும்.

நிஸா மெலிந்துவிட்டாள். மருந்துக் குளிசை கொடுக்கிறோம். பல்லு முளைக்கிற வயதில்லை, என்றாலும் பிள்ளைகள் மெலிகிறதுதானே.

ரின்களைச் சாரதியிடம் கொடுத்துவிடு. மச்சி சீனி போட்டு வைக்கக் கேட்கிறாள். இரண்டு வந்தால் போதும்.
முனாப்

•

பேராதனை.
28.03.1973

நானா, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் துஆச் செய்கிறேன். சுற்றி வளைத்து எழுதத் தெரியவில்லை.

மூன்றாவது ரின். நாற்பதில் நாற்பதும் செத்தன. ஒரு மணித்தியாலம் முடியும் முன்பே விழத் தொடங்கிவிட்டன.

சேர் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பாராட்டினார். "மருந்தடிக்காத இடத்திலயிருந்தும் எடுத்தது கெட்டித்தனம். ஒப்பிட நல்லா இருக்கு" என்றார். நான் எண்ணைத் தாளில் குறித்துக்கொண்டேன். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

பத்துச் சுற்று அடித்த சுவரில் அப்படி ஒரு நுளம்பு மிஞ்ச ஏலாது. அது அடிக்காத சுவரின் நுளம்பு. ஒரு வீடும் விடவில்லை என்று நீங்கள் ஒப்பம் வைத்திருக்கிறீர்கள்.

அக்கரைக்குப் போனீர்களா நானா?
ஸுல்பிகா

•

(தபாலட்டை)
பேராதனை.
25.04.1973

நானாவுக்கு ஸலாம். நான்கு கிழமையாகக் கடிதமில்லை. நிஸா எப்படி? கோபம் என்றால் கோபத்தை எழுதுங்கள். அட்டையில் இதற்கு மேல் எழுத ஏலாது. எல்லோரும் வாசிப்பார்கள்.
ஸு.

•

கிண்ணியா.
19.05.1973

தங்கச்சி ஸுல்பிகாவுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். எல்லோரும் சுகம் என்று எழுதிய கடிதங்கள் பொய். நிஸாவுக்கு இது நாலாவது காய்ச்சல். ஒன்றுவிட்ட நாள் நடுங்குகிறது. இடது விலாவுக்குக் கீழே கை வைத்தால் கல்லு மாதிரி இருக்கிறது. நீ சோதனைக்குப் படிக்கிறாய் என்று எழுதவில்லை.

உன் கேள்விக்குப் பதில். போனேன். அடிக்கவில்லை.

முதல் சுற்று அடித்தோம். பதினேழு வீடும். இரண்டாம் சுற்றுக்குப் போனபோது தங்கரத்தினம் என்ற மனுசி படலையை மறித்து நின்றா.

"தம்பி, உங்கட மருந்தால ஊரில ஒரு பூனை இல்ல. சுவரில உரஞ்சிப்போட்டு உடம்ப நக்குங்கள்தானே. துடிச்சுத் துடிச்சுச் செத்துதுகள். இப்ப எலி. இஞ்ச வந்து பாருங்கோ."

உள்ளே கூட்டிப் போய் விதைநெல் மூட்டையைக் காட்டினா. கீழ்ப்பக்கம் முழுக்க உமி.

"நுளம்பு கடிச்சா ஒராள் படுப்பம். நெல்லில்லாட்டி எல்லாரும் படுப்பம். எங்கள விட்டிருங்கோ."

"அட்டையில தேதி போடாட்டி எனக்கு வேலை போகும் அக்கா."

"அப்ப தேதியப் போடுங்கோ."

ஒவ்வொரு வீட்டிலும் கதவுக்குப் பின்னால் எங்கள் அட்டை ஒன்று ஆணியில் தொங்கும். மருந்தடித்த தேதியை அதில் எழுதி ஒப்பம் வைக்க வேண்டும். கந்தோரிலிருந்து வருகிறவர்கள் சுவரைப் பார்ப்பதில்லை, அட்டையைப் பார்ப்பார்கள். குழுவை இக்கரையில் வேலைக்கு விட்டுவிட்டு, அக்கரையை நான் தனியே பார்க்கிறேன் என்று ஒன்பது தரம் ஆறு கடந்து போனேன். ஒன்பது தரமும் பதினேழு அட்டையில் தேதி போட்டேன். தங்கரத்தினம் வீட்டில் தேத்தண்ணி குடித்தேன். வந்தேன்.

நானா இரக்கப்பட்டிருக்கிறார் என்று நீ நினைக்கக்கூடும். முழுக்க இரக்கம் இல்லை. அந்த வருடம்தான் நிஸா பிறந்தாள். பதினேழு வீட்டுப் பவுடர் சுற்றுக்குச் சுற்று என் கையில் மிஞ்சியது. கருவாட்டுக்காரன் ஒருவன் கேட்டுத்தான் வந்தான். கொடுக்கவில்லை. இதையாவது நம்பு. வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எங்கள் வீட்டுக்கும் கொட்டிலுக்கும் சுற்றியுள்ள வளவுகளுக்கும் இரட்டிப்பாக அடித்தேன். நிஸாவின் கட்டில் பக்கத்துச் சுவருக்கு அதைவிடக் கூட. என் பிள்ளைக்கு ஒரு நுளம்பும் கிட்ட வரக் கூடாது என்று நினைத்தேன்.

போன மார்கழியில் தங்கரத்தினத்தின் மூத்த மகள் காய்ச்சலில் போய்விட்டாள். ஏழு மாதம் வயிற்றில். நான் செத்தவீட்டுக்குப் போனேன். வாசலில் என்னைக் கண்டதும் மனுசி எழும்பி வந்து என் கையைப் பிடித்தா. "நாங்க கேட்டதத்தானே தம்பி செய்தீங்க" என்றா. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

துறையில் வைத்து உன்னிடம் நுளம்பு பழகிவிட்டதா என்று கேட்டது அதற்கு மூன்று கிழமைக்குப் பிறகு. ஓம் என்று நீ சொன்னால், அடித்திருந்தாலும் பிரயோசனம் இல்லை என்று மனதைத் தேற்றலாம் என்று கேட்டேன்.

இப்போது இன்னொன்று கேட்கிறேன். கப்பல்துறையில் பத்தொன்பது செத்தது. எங்கள் கொட்டிலில் ஆறுதான். நான் இரட்டிப்பாக அடித்த இடம். ஏன் அப்படி?
முனாப்

•

பேராதனை.
26.05.1973

நானா, அஸ்ஸலாமு அலைக்கும்.

நிஸாவை உடனே திருகோணமலை ஆசுபத்திரிக்குக் கொண்டுபோங்கள். குளிசையை இடையில் நிறுத்த வேண்டாம். காய்ச்சல் விட்டதும் நிறுத்தியிருப்பீர்கள், எனக்குத் தெரியும். இரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மச்சி தனியே போகக் கூடாது. நீங்கள் போங்கள்.

உங்கள் கடிதத்தை விலங்கியல் கட்டடத்தின் பின்படியில் இருந்து வாசித்தேன். பிறகு அறைக்குப் போய் அட்டவணையை இரண்டு வரியோடு எழுதிப் பார்த்தேன். கப்பல்துறை. கிண்ணியா. கையெழுத்து அழகாகத்தான் வந்தது. கீழே என் பெயரை எழுதப் போனேன், ஏலவில்லை. சேர் கேட்டால் மூன்றாவது ரின் வழியில் செத்துவிட்டது என்று சொல்லலாம். அவர் நம்பமாட்டார். அவருடைய கையால்தான் எண்ணினார்.

அவரை விட்டுவிடுவோம். அக்கரையை யோசிக்கிறேன். அங்கே நுளம்பு இன்னும் சாகும். இப்படியான இடங்கள் குறைந்துகொண்டு வருகின்றனவாம். மருந்து வேலை செய்யக்கூடிய ஓர் இடத்தில் மருந்து இல்லை. அட்டையில் தேதி இருக்கும் வரைக்கும் ஒருவரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பதினேழு வீட்டில் இன்னும் எத்தனை பெண்கள் பிள்ளைத்தாச்சியோ.

இரண்டு வரி போனால் உங்கள் வேலை இருக்கும். மூன்று வரி போனால் நுளம்பு மாறியது உண்மை என்று தெரியும், நீங்கள் எழுதிக் கொடுத்தது பொய் என்றும் தெரியும். அந்தப் பவுடர் எங்கே என்று கேட்பார்கள். வீட்டுக்கு அடித்தேன் என்று நீங்கள் சொல்வதை நம்புவார்களா, தெரியாது.

அந்த இரண்டு ஆங்கிலேயரில் வீட்டோடு இருந்தவர் இருபது வருடம் தன் எண்ணத்தை எழுதி அலுமாரியில் வைத்திருந்தார். வெளியிடவில்லை. தீவிலே காய்ச்சலில் கிடந்தவரின் கடிதம் வந்த பிறகுதான் வெளியே விட்டார். ஏன் அவ்வளவு காலம் என்று சோதனையில் ஒரு கேள்வி வருவதுண்டு. போன வருடம் இரண்டு பக்கம் எழுதிப் புள்ளி எடுத்தேன். ஒன்றும் விளங்காமல்தான் எழுதியிருக்கிறேன்.

மூன்று வரியோடு எழுதி, ஒப்பம் வைத்து, முத்திரையும் வாங்கிவிட்டேன். உறைக்குள் இருக்கிறது. இரண்டு வரியோடு என்னால் எழுத ஏலாது நானா. உங்கள் கடிதம் வரும்வரை தபாலில் போடமாட்டேன். அதற்கு மேல் எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

உம்மாவுக்கு இதெல்லாம் சொல்ல வேண்டாம். துஆவுடன்,
ஸுல்பிகா

•

கிண்ணியா.
09.06.1973

தங்கச்சி, வஅலைக்குமுஸ்ஸலாம். நிஸாவை ஆசுபத்திரியில் ஆறு நாள் வைத்திருந்தார்கள். நேற்று வீட்டுக்கு வந்தாள். மஞ்சளாக இருக்கிறாள், ஆனால் சோறு கேட்டாள். கல்லு இன்னும் இருக்கிறது, மண்ணீரல் வீக்கமாம். கரைய மாதக்கணக்காகும் என்கிறார் டொக்டர்.

நான் கேட்ட ஒன்றுக்கு நீ பதில் எழுதவில்லை. நாலு பக்கத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீ மறக்கிற ஆள் இல்லை. பிறகு உன் தை மாதக் கடிதத்தை எடுத்து வாசித்தேன். அங்கே இருந்தது: எங்கே கூட அடிக்கிறீர்களோ அங்கே இது விரைவாக நடக்கும். அந்த நேரம் நான் அந்த வரியைச் சும்மா தாண்டிப் போயிருக்கிறேன்.

நிஸாவின் கட்டில் பக்கத்துச் சுவர் வெள்ளை வெளேரென்று இருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். "என்ன பாக்கிறீங்க?" என்று றஹ்மா கேட்டாள். சுவர் என்றேன். அவளுக்குச் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே. ஒரு நாள் நான் சொல்வேன்.

ஆசுபத்திரியிலிருந்து வந்த அன்றே அக்கரைக்குப் போனேன். ஆறு இறங்கிவிட்டது. பதினேழு வீட்டிலும் கதவுக்குப் பின்னாலிருந்த அட்டையைக் கழற்றினேன். தங்கரத்தினம் பின்னாலேயே வந்தா.

"ஏன் தம்பி கழட்டுறீங்க?"

"இதில இருக்கிறது பொய் அக்கா. விசாரணைக்குக் கொண்டுபோகப் போறன். இனி வேற ஆக்கள் வருவாங்க. அடிக்க விடுங்கோ. இஞ்ச மருந்து வேலை செய்யும். என்ர தங்கச்சி பாத்துச் சொன்னவ."

"இப்பதான் ரெண்டு பூனை நிக்குது."

"நெல்லை ரின்னில போட்டு மூடுங்கோ. பூனைய சுவர்ப்பக்கம் விடாமல் ஒரு கிழமை கட்டி வையுங்கோ."

"பூனையக் கட்டுறதோ!" என்று சிரித்தா. பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு விம்மி விம்மி அழுதா. நான் படலைக்கு வெளியே நின்றேன். கொஞ்ச நேரத்தால் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தா.

அட்டை பதினேழும் என் பெட்டியில் இருக்கிறது. பதினெட்டாம் தேதி மேசையில் வைப்பேன். ஞானசேகரம் ஐயா என்ன கேட்டாலும் நடந்ததைச் சொல்வேன். நம்பினால் நம்பட்டும்.

வரி மூன்றையும் அனுப்பு. பதிவுத் தபாலில் போடு.

குளிருக்குள் தலைமுழுகாதே.
முனாப்

•

கடிதம் ஆனி பதின்மூன்றாம் தேதி, புதன்கிழமை காலை விடுதிக்கு வந்தது. ஸுல்பிகா அதை ஒரு தரம் வாசித்தாள். அலுமாரியிலிருந்து உறையை எடுத்து, தாளை வெளியே இழுத்து, மூன்று வரியும் இருக்கின்றனவா என்று பார்த்தாள். திரும்ப உள்ளே வைத்து ஒட்டினாள். தபாற்கந்தோருக்கு நடந்துபோய்ப் பதிவுத் தபாலில் போட்டுப் பற்றுச்சீட்டு வாங்கினாள். காலி ரின் மூன்றையும் கழுவித் துடைத்து, கண்டிக்குப் போய், திருகோணமலை பஸ் சாரதியிடம் கொடுத்தாள். பின்னேரம் இரண்டு மணிக்குச் செய்முறை வகுப்பு இருந்தது. அதற்குப் போனாள்.